கட்டுப் பிரிக்கும் நேரம்

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நாங்கள் நலம். இந்த 'நலம்' என்ற சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் இருப்பாள். செய்தி அனுப்பினால் எனக்கு முன்னால் அவள் படிப்பாள். என் போன் பெயருக்குத்தான் என்னுடையது. அதனால் லிஃப்ட் பழுது பார்க்க வந்த இடத்தில், மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் வைத்திருக்கும் அறையில், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும், தரை அதிரும், எழுத்துக் கோணும். அத்தான் குடித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டாதே.

முதலில் நல்ல செய்தி. உன் அக்கா மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தேவலை. தையல் கடையிலிருந்து தெருமுனை வரைக்கும் எங்கும் நிற்காமல் நடந்துவிட்டு வருகிறாள். முன்பெல்லாம் நடுவில் மருந்துக்கடை வாசலில் நின்று, வாங்கப்போவது போல ஷாம்பு விலையெல்லாம் கேட்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். இப்போது மருந்துக்கடைக்காரர், 'அக்காவுக்கு எங்கமேல என்ன கோவம், வர்றதே இல்ல' என்று என்னிடம் கேட்கிறார். துணி வெட்டும்போது பழையபடி வாய் ஓயாமல் பேசுகிறாள். என்னைத் திட்டும்போதும் ஒரே மூச்சில் திட்டுகிறாள், நடுவில் இளைப்பாறுவதில்லை.

ஆனால் எனக்குத்தான் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறேன். போன வாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட்டில் 'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு காலை முழுக்க அந்தக் கட்டடத்துச் சனம் படியேறியிருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும். மருத்துவமனையில் இந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாதாம், டாக்டருக்கும் தெரியாதாம். நடக்கிறாளே என்று சந்தோஷப்பட்டால், நம்பிக்கையிலேயே சில பேர் கொஞ்ச நாள் நடப்பார்கள் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவள் நடப்பதைப் பார்த்தாலும் பயம், நின்றாலும் பயம்.

நீ கடைசியாகப் பேசியபோது சொன்னதை நான் மறக்கவில்லை. உடம்பில் சில செல்கள் வயதாகிப் பெருகுவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது, அப்படியே உட்கார்ந்துகொண்டு சுற்றியிருக்கிற நல்ல செல்களைக் கெடுக்கும்படி எதையோ கசியவிட்டுக்கொண்டே இருக்கும் என்றாய். அக்காவின் நுரையீரல் போலத் தழும்பேறி இறுகிய இடங்களில் அவை கூட்டமாக இருக்கின்றன, அவற்றை விரட்டினால் தழும்பு மேலும் பரவாமல் நிற்குமா என்று பார்க்கத்தான் இந்த மாத்திரை என்றாய். அதற்கு உன் அக்கா, 'எங்க குடியிருப்புச் செயலாளர் மாதிரின்னு சொல்லு. வேலையும் பாக்கமாட்டார், பதவியையும் விடமாட்டார், போறவங்க வர்றவங்களையெல்லாம் எரிச்சல்படுத்துவார்' என்றாள். நீ சிரித்துவிட்டு, பாவம், அவரும் முழுக்கக் கெட்டவர் இல்லை என்றாய். தோலில் காயம் பட்டால் அதே மாதிரிச் செல்கள் அங்கே தோன்றிப் புண்ணை மூட உதவிவிட்டுப் போகும், அவற்றை நீக்கிய எலிகளுக்குப் புண் ஆற நாளானது என்றாய். 'ஆமா, தண்ணிக் குழாய் வெடிச்சப்போ வாளியைத் தூக்கிட்டு முதல்ல ஓடி வந்ததும் அவர்தான்' என்று அவளும் ஒத்துக்கொண்டாள். சிரிப்போடு பேச்சு முடிந்தது. நான்தான் சிரிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்காவுக்கு இடக்கையில், முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது. அவசரமாகக் கேட்ட கோட்டு ஒன்றின் மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தபோது இருமல் வந்திருக்கிறது. பெரிய புண் இல்லை, ஒரு தீப்பெட்டி அகலம்தான். ஆய்வில் இருக்கும்போது காயம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே சொல்லவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. 'சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க' என்றாள் உன் அக்கா. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் மருத்துவமனைக்கு வந்தாள். இரத்தம் எடுக்கவும் வலக்கையைத்தான் நீட்டினாள். நர்ஸ், அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் டீச்சர், 'காயம் ஏதாவது உண்டா' என்று கேட்டபோது இவள் இல்லை என்றாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். வெளியே வந்து பேருந்து ஏறும் வரைக்கும் யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது.

தினமும் காலையில் நான்தான் கட்டைப் பிரித்துத் துடைத்து மருந்து போடுகிறேன். 'கல்யாணமான நாள்ல இருந்து இவ்வளவு கவனிச்சதில்லையே' என்று கிண்டல் செய்கிறாள். அவளுக்குத் தெரியாது நான் எதைப் பார்க்கிறேன் என்று. அந்தப் புண் ஆறமாட்டேன் என்கிறது, மச்சினா. சின்னப் புண் இந்நேரம் பொருக்குக் கட்டி உதிர்ந்திருக்கவேண்டும். எனக்குக் கம்பி கிழித்தால் ஒரு வாரத்தில் இருந்த இடம் தெரியாது. இவளுக்கு அப்படியே சிவந்து ஈரமாக இருக்கிறது. அப்படியென்றால் அது உண்மையான மாத்திரைதானே? அந்தச் செல்கள் போய்விட்டதால்தானே புண் மூடவில்லை? நீ படித்தவன், ஆய்வுக்கூடத்தில் இதையே நாள் முழுக்கப் பார்ப்பவன். ஆமாம் என்று ஒரு வரி போடு, போதும். நான் வேலை பார்க்கும் பட்டறை முகவரிக்கு விரைவுத் தபாலில் எழுது, வீட்டுக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
உன் அத்தான்

*

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் பதில் கிடைத்தது. கிடைத்தது என்கிறேனே தவிர, படித்து முடித்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வரிக்கு ஒரு 'இருக்கலாம்' போட்டிருக்கிறாய். ஒரு புண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது, வயது காரணமாக இருக்கலாம், கிருமி சேர்ந்திருக்கலாம், அவள் சாப்பிடும் மற்ற மருந்துகள் காரணமாக இருக்கலாம், எலிக்கு நடப்பது மனுஷிக்கு நடக்காமலும் இருக்கலாம். அதோடு விட்டாயா? உண்மையான மாத்திரையே கிடைத்தாலும் பலன் தருமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வே நடக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறாய். பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு படித்துக் காட்டுவது போல இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, நான் கோபமாக இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உடனே நர்ஸிடம் சொல்லுங்கள் என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கோளாறு காட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் தானாக நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதே, கட்டடக்காரரிடமும் மூச்சு விடாதே. திறந்தால் ஒரு வயர் அசையும், பிறகு அது ஆயுசுக்கும் ஓடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றது இது. உன் அக்கா இப்போது ஓடுகிறாள். நான் பெட்டியைத் திறக்கப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு நாள் காலை கட்டைப் பிரித்தால் புண்மேல் பொருக்குக் கட்டியிருந்தது. நன்றாகக் காய்ந்து, ஓரம் சுருங்கி, எந்தப் புருஷனும் பார்த்துச் சந்தோஷப்படவேண்டிய பொருக்கு. நான் மட்டும் சந்தோஷப்படவில்லை. 'ஆறிடுச்சு போல' என்று உன் அக்கா சொன்னாள். நான் 'ம்' என்றேன். தேநீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு கிழவர் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறார், நான் பக்கத்து லிஃப்ட்டின் கதவைத் திறந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை பிரித்துப் பார்த்தால் பொருக்கைக் காணவில்லை. புண் பழையபடி ஈரமாக, ஓரமெல்லாம் வெட்டினாற்போல் நேராக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. இரண்டு டம்ளர் தேநீர் குடித்தேன். உன் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்ன இன்னிக்கு இவ்வளவு உற்சாகம்' என்று கேட்டாள். அன்றிலிருந்து அது ஆறவே இல்லை.

பெண்டாட்டியின் புண் ஆறக்கூடாது என்று காலையில் எழுந்ததும் வேண்டிக்கொள்கிற புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கட்டைப் பிரிக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள், துணி ஒட்டிக்கொண்டு வரும்போது வலிக்கிறது. நான் 'கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு' என்கிறேன். அவளுக்குச் சொல்கிறேனா, எனக்குச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

சரி, இந்தத் தடவை 'இருக்கலாம்' இல்லாமல் எழுது. வீட்டில் ஒன்றும் தெரிய வேண்டாம். போனில் பேசும்போது வழக்கம்போல அக்காவைக் கிண்டல் செய், அவளுக்கு அது மாத்திரையைவிட நல்லது. கொஞ்ச நாளாக அவள் கை கொஞ்சம் சூடாக இருக்கிறது. வெயில்தான் காரணமாக இருக்கும்.

பார், நானும் உன் சொல்லையே எழுதிவிட்டேன்.

உன் அத்தான்

*

அருமை மச்சினா,

உன் இரண்டாவது பதில் வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பயப்படாதே, உன் அக்கா வீட்டில் இருக்கிறாள், நடமாடுகிறாள். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கை சூட்டுக்குக் காரணம் வெயில் இல்லை. போன திங்கட்கிழமை கடையில் தைத்துக்கொண்டிருந்தவள் குளிருகிறது என்று வாடிக்கையாளரின் கோட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துக் கடைப் பெண் போன் செய்தாள். நான் போய்ப் பார்த்தபோது கை முழங்கை வரை வீங்கிச் சிவந்திருந்தது. ஆட்டோ பிடித்து நேராக மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். வழியெல்லாம், 'டீச்சர்கிட்ட என்ன சொல்லப்போறோம்' என்றே கேட்டுக்கொண்டு வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் என்ன சொல்ல முடியும், உண்மையைச் சொல்வோம் என்றேன்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டைப் பிரித்தார், பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தார். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். ஒரு துணித் திரை என்ன மறைக்கும்? லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை அறுந்தால் சத்தத்தில் கண்டுபிடிக்கிற காது என்னுடையது. 'இது தானா ஆறாம இருக்கல. கூர்மையான எதையோ வச்சு ஓரத்தைக் கிளப்பியிருக்கீங்க, ஒரு தடவை இல்ல, நிறைய தடவை. எதுக்கும்மா?' என்று கேட்டார்.  உன் அக்கா, 'தையல் பிரிக்கிற ஊசி' என்றாள். எதற்கு என்ற கேள்விக்கு எதைக்கொண்டு என்று பதில் சொன்னாள்.

அவர்கள் ஊசிபோட்டு, சீழை எடுத்து, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். புண் முழுக்க ஆறும் வரைக்கும் ஆய்வு மாத்திரை கிடையாது. ஆறிய பிறகு தொடர்வதா, விலக்குவதா என்று டாக்டர் யோசித்துச் சொல்வார். நான் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கேட்டேவிட்டேன், புண் ஆறாமல் இருந்ததை வைத்து அது உண்மையான மாத்திரை என்று சொல்ல முடியுமா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முதலிலேயே சொல்லியிருந்தால்கூட ஒரு புண்ணை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார். 'இப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கேள்வியையே கெடுத்துட்டீங்க' என்றார். நீ எழுதியதையேதான் அவரும் சொன்னார், உன்னைவிடச் சுருக்கமாக.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். தம்பி போனில் எலிகளைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் மட்டும் சிரிக்காமல் இருந்ததை நான் பார்த்தேன் என்றாள். கட்டைப் பிரிக்க ஆரம்பித்த முதல் நாளே நான் எதைத் தேடுகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டதாம். பொருக்குக் கட்டிய அன்று நான் தேநீரை வைத்துவிட்டுப் போன பிறகு, அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். 'இனிமே எத்தனை நாள் காலையில இந்த மூஞ்சியைப் பாக்கணுமோன்னு இருந்துச்சு. புண்ணுதானே, போனா போகுதுன்னு எடுத்துட்டேன். மறுநாள் நீங்க ரெண்டு டம்ளர் குடிச்சீங்க' என்றாள். அப்புறம், 'தையல் பிரிக்கறதைவிட அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல' என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மச்சினா. பேருந்து என்று பார்க்கவில்லை. டிக்கெட் கொடுக்க வந்தவர் பேசாமல் முன்னால் போய்விட்டார்.

உனக்கும் எனக்கும் மாத்திரையைப் பற்றி எவ்வளவு கவலை இருந்ததோ அதைவிட அதிகமாக அவளுக்கு என்னைப் பற்றிக் கவலை இருந்திருக்கிறது. அவளுக்கு மாத்திரை எது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டேன். 'எனக்கு என் மூச்சு தெரியாதா' என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மருந்துக்கடை வாசலில் நின்றாள். ஷாம்பு விலை கேட்டாள்.

இப்போது கட்டு மாற்றுவது மருத்துவமனையில்தான். எனக்கு உள்ளே வர அனுமதி இல்லை, உன் அக்கா போட்ட தடை. வெளியே பெஞ்சில் உட்காருகிறேன், எழுந்து நடக்கிறேன், தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருகிறேன். நேற்று வெளியே வந்தவள், நன்றாக ஆறிக்கொண்டு வருகிறதாம், டீச்சரே ஆச்சரியப்பட்டாராம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். ஒழுங்காகச் சிரித்தேனா என்று அவளுக்குத்தான் தெரியும். புண் ஆறினால்தான் மாத்திரை திரும்பக் கிடைக்கும். இவ்வளவு சீக்கிரம் ஆறினால் அந்த மாத்திரை வெறும் மாவுதானோ என்று என் மனசு இன்னும் கணக்குப் போடுகிறது. தப்பு என்று நீயும் சொல்லிவிட்டாய், டாக்டரும் சொல்லிவிட்டார். மனசுக்கு யார் சொல்வது? ஆனாலும் ஆறட்டும் என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன். வலி அவளுக்கு, வேண்டுதல் எனக்கு என்பது இனிமேல் வேண்டாம்.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. எலிகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வா. அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், நீ விமானம் ஏறிய அன்று வாசலில் நின்று கையாட்டியதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு நாளும் உன்னை வா என்று கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிடமாட்டாள். நீ கேட்டால், வேலை கெட்டுப்போகும், வராதே, எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன் என்பாள். நம்பாதே. அவள் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வந்தால் உன்னிடம் நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வாய் தவறிக் கேட்டாலும் சொல்லாதே. அவள் நடப்பதை நீ பார்ப்பாய், நிற்பதைப் பார்ப்பாய், எனக்குப் புரியாதது உனக்குப் புரியும். புரிந்தாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் இரு. கடிதத்தில் உன்னால் அது முடியாது, நேரில் முடியும்.

நீ நன்றாக இரு. உன் கைவேலை நாலு பேர் மூச்சுக்கு உதவட்டும். சீக்கிரம் புறப்படு.

வழி பார்த்திருக்கும்,
உன் அத்தான்